கிரிப்பைக் கழற்றாதீர்கள், முதலில் ஸ்டிக்கின் அடியைப் பாருங்கள்

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வீட்டுக் கராஜில் ஆர்வி-7 என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இறக்கை இன்னும் பூட்டவில்லை, ஆனால் பேனலுக்குக் கரண்ட் வந்துவிட்டது. இடது ஸ்டிக்கின் (விமானத்தை ஓட்டும் தடியின்) கிரிப்பில், அதாவது கைப்பிடியில், ரேடியோவில் பேசுவதற்கான பிடிடி பட்டனும், எலிவேட்டர் டிரிம்முக்கு நாலு திசை சுவிட்சும் இருக்கின்றன. எலிவேட்டர் என்பது வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் பலகை, டிரிம் என்பது அதன் பின்னோரத்தில் 'டேப்' என்ற சிறு தகட்டை மோட்டாரால் நகர்த்துவது. தொல்லை மூன்று. மூக்கை மேலே தூக்கும் பக்கம் டிரிம் ஒழுங்காக ஓடுகிறது, கீழ்ப்பக்கம் மட்டும் அதன் இஷ்டம். பிடிடியை அழுத்தினால் சில சமயம் டிரிம்மும் சேர்ந்து ஓடுகிறது. ஸ்டிக்கை வயிறு வரை இழுத்தால், பட்டனை யாரும் தொடாமலே ரேடியோ டிரான்ஸ்மிட் காட்டுகிறது. "கிரிப் போய்விட்டதா அண்ணா? புதிதாக வரவழைக்கவா?"

வேண்டாம். அமெரிக்காவிலிருந்து கிரிப் வரவழைக்கும் செலவை ராண்டில் கணக்குப் போட்டால் நெஞ்சு அடைக்கும், போட்ட பிறகும் இதே தொல்லைதான் இருக்கும். மூன்றாவது அறிகுறி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது. ஸ்டிக்கின் நிலையைப் பொறுத்து கோளாறு வந்து போகிறது என்றால், அது ஸ்டிக்கோடு சேர்ந்து வளையும் இடத்தில்தான் இருக்கும். கிரிப்புக்குள் எதுவும் வளைவதில்லை. கிரிப்பும் ஸ்டிக்கின் குழாயும் ஒன்றாகவே ஆடுகின்றன. வயர் வளைவது குழாயின் அடியில், துளை வழியாக வெளியே வந்து தரைக்குப் போகும் அந்த ஒரு சாண் நீளத்தில்.

தேடுவதற்கு முன் இந்தச் சுற்று எப்படி வேலை செய்கிறது என்று மனதில் படம் வேண்டும். இல்லாவிட்டால் மல்டிமீட்டர் காட்டும் எண் வெறும் எண்தான். பெரும்பாலான கிரிப்புகளில் எல்லா சுவிட்சுக்கும் ஒரே பொது எர்த் வயர். ஒவ்வொரு பட்டனிலிருந்தும் ஒரு தனி வயர் வெளியே வரும், அழுத்தினால் அந்த வயர் எர்த்தைத் தொடும். அவ்வளவுதான். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் வயர் எதுவும் கிரிப்புக்குள் போவதில்லை. ரேடியோ தன் பிடிடி வயரில் உள்ளிருந்து கொஞ்சம் வோல்ட்டைக் கொடுத்து வைத்துக் காத்திருக்கும். அது எர்த்துக்கு இறங்கியதும் டிரான்ஸ்மிட் ஆகும். யார் இறக்கியது, பட்டனா, தோல் உரிந்த வயரா என்று அதற்குத் தெரியாது.

டிரிம் மோட்டார் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும், அதற்கு முனைகள் தலைகீழாக மாற வேண்டும். ஒரே எர்த்தை வைத்துக்கொண்டு ஸ்டிக் பட்டனால் அதை நேரடியாகச் செய்ய முடியாது. அதனால்தான் நடுவில் இரண்டு ரிலே, அதாவது காயிலில் (கம்பிச் சுருளில்) சின்னக் கரண்ட் ஓடினால் காந்தம் இழுத்து மாறும் சுவிட்ச். கார்களில் போடும் அதே ஐந்து கால் ரிலேயை வைத்துச் சொல்கிறேன். 30, 87, 87ஏ என்பவை அதன் கால் எண்கள்: சும்மா இருக்கும்போது 30 போய் 87ஏ-வைத் தொடும், ரிலே இழுத்தால் 87-ஐத் தொடும். மோட்டாரின் ஒரு வயர் முதல் ரிலேயின் 30-க்கு, மற்றது இரண்டாவது ரிலேயின் 30-க்கு. இரண்டிலும் 87ஏ எர்த்தில், 87 பாசிட்டிவில். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு முனையும் எர்த்தில் இருக்கும், மோட்டார் அசையாது. மேல் பட்டனை அழுத்தினால் ஒரு ரிலே இழுக்கும், கீழ் பட்டனுக்கு மற்றது. இரண்டும் சேர்ந்து இழுத்தால் இரண்டு முனையும் 12-ல் நிற்கும், மோட்டார் ஓடாது. காயிலின் ஒரு கால் எப்போதும் பாசிட்டிவில், மற்ற கால் ஸ்டிக் பட்டனுக்கு. உங்கள் வயரிங்கும் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நாலு திசை சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆங்கிலக் கையேடுகளில் அதற்கு 'கூலி ஹாட்' என்று பெயர் இருக்கும். கூம்பு வடிவ ஓலைத் தொப்பி போல இருப்பதால் வந்த பெயராம். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து டர்பனில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களை இந்த ஊர் என்ன பெயரால் கூப்பிட்டது என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். என் ஹேங்கரில் அதற்கு நாலு திசை சுவிட்ச் என்றுதான் பெயர். லேபிளிலும் அப்படியே ஒட்டியிருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரி. லோட் ஷெடிங் மின்வெட்டில் சார்ஜர் நின்றுபோய், பேட்டரி 11 வோல்ட் சொச்சத்துக்கு இறங்கிக் கிடக்க, நாள் முழுக்க இல்லாத கோளாறைத் தேடியவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன். 12.5-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாவது தொல்லையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், அதுதான் சுலபம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்டிக் அடியில் கனெக்டர் வைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். வைக்காவிட்டால் இந்தச் சாக்கில் ஒன்று வைத்துவிடுங்கள். மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலைக்கு மாற்றி, ஒரு முனையை பிடிடி வயரிலும் மற்றதை ஸ்டிக் குழாயிலும் வையுங்கள். குழாயில் பவுடர் கோட்டிங் இருக்கும், மேலே வைத்தால் எதுவும் காட்டாது. போல்ட் தலையிலோ சுரண்டிய இடத்திலோ வைக்க வேண்டும். இப்போது ஸ்டிக்கை நாலு மூலைக்கும் கொண்டுபோங்கள். முழுக்கப் பின்னால் இழுத்து இடது, வலது, அப்புறம் முழுக்க முன்னால் தள்ளி இடது, வலது. மீட்டர் எங்கேயும் பீப் அடிக்கக் கூடாது. பின்னால் இழுக்கும்போது அடித்தால், வயரின் தோல் துளை விளிம்பில் உரிந்து குழாயைத் தொடுகிறது. இதே சோதனையை டிரிம் வயர் ஒவ்வொன்றுக்கும் செய்யுங்கள். பொது எர்த் வயரை மட்டும் விட்டுவிடலாம். அது குழாயைத் தொட்டாலும் அறிகுறி காட்டாது.

அடுத்து, வயருக்கும் வயருக்கும் இடையே. பிடிடிக்கும் கீழ்-டிரிம்முக்கும் நடுவில் மீட்டரை வைத்து, பட்டன் எதையும் தொடாமல், மறுபடி நாலு மூலை. உங்கள் இரண்டாவது தொல்லைக்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, உரிந்த இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தொடுவது. மற்றது, ரேடியோவின் அலை டிரிம் சுற்றுக்குள் நுழைவது. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, காசும் செலவில்லை.

பிடிடியை அழுத்தும்போது டிரிம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள். எப்போதும் ஒரே பக்கம், அதுவும் கீழ்ப்பக்கம் மட்டும் ஓடினால், கீழ்-டிரிம் வயரும் பிடிடி வயரும் தொடுகின்றன. அப்படியானால் மறுபக்கமும் உண்மையாக இருக்க வேண்டும்: கீழ்-டிரிம்மை அழுத்தினால் ரேடியோவும் டிரான்ஸ்மிட் ஆகும். அது ஆகிறதா பாருங்கள். ஆனால் கோளாறு வரும் அதே நிலையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றிவிடும். அப்புறம் ரேடியோவின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுப் பிடிடியை அழுத்துங்கள். ரேடியோ செத்துக் கிடக்கும்போதும் டிரிம் ஓடினால் அது அலை இல்லை, வயர்தான்.

ரேடியோ ஃப்யூஸைப் பிடுங்கியதும் டிரிம் அமைதியாகிவிட்டால் கதை வேறு. விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை பேசுவது. அந்த அலைநீளத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஓடும் டிரிம் வயர் அருமையான ஆன்டெனா. வெறும் ரிலே இதற்கெல்லாம் மசியாது. ரிலேக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் டிரிம் கன்ட்ரோலரோ வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ வைத்திருந்தால் அது மசியும். அல்லது மோட்டார் அசையாமல் டிஸ்ப்ளேயில் டிரிம் காட்டி மட்டும் துள்ளும், அதையும் 'டிரிம் ஓடுகிறது' என்று நினைத்துவிடுவோம். அதனால் பேனலைப் பார்க்காதீர்கள், ஒருவரை வால் பக்கம் நிறுத்தி டிரிம் டேபைப் பார்க்கச் சொல்லுங்கள். உறுதி செய்ய ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு ஆன்டெனாவுக்குப் பதிலாக ரேடியோவின் சக்தியை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடை மாட்டி டிரான்ஸ்மிட் செய்யுங்கள். எதையும் மாட்டாமல் மட்டும் டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள். டம்மி லோடில் தொல்லை போய்விட்டால், ஆன்டெனாவின் அடித்தகடு உடலோடு சரியாக ஒட்டுகிறதா, ஆன்டெனா கேபிளின் (கோஆக்ஸ்) கனெக்டர் சரியா, அந்தக் கேபிள் டிரிம் வயரோடு தோளோடு தோளாகப் போகிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை ஆன்டெனா அடியில் பெயின்ட் சுரண்டாமல் பூட்டியிருப்பார்கள். என் அனுபவக் கணக்குதான் இது.

இனி முதல் தொல்லை, கீழ் டிரிம்மின் இஷ்டம். இதில்தான் நல்ல எலக்ட்ரீஷியன்களும் ஏமாறுவார்கள். காரணம், மீட்டரின் பீப். விமானத்தில் போடும், டெஃப்செல் தோல் போர்த்திய 22 கேஜ் வயருக்குள் 19 மெல்லிய இழைகள். அதில் 18 அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் சந்தோஷமாகப் பீப் அடிக்கும், ஓம் கணக்கிலும் வித்தியாசம் காட்டாது. மீட்டர் அனுப்பும் கரண்ட் அவ்வளவு சிறியது. தோல் முழுசாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. விரலால் மெதுவாக வளைத்துக்கொண்டே போனால், அறுந்த இடத்தில் மட்டும் வயர் துவண்டு மடங்கும். அந்த உணர்வு பழகிவிட்டால் மீட்டரே வேண்டாம்.

கரண்ட் இருக்கும்போது அளப்பதுதான் சரியான வழி. பேட்டரியை மாட்டுங்கள். கீழ்-டிரிம் ரிலேயின் காயிலில், ஸ்டிக்குக்குப் போகும் காலில் மீட்டர் சிவப்பு, உடலில் கறுப்பு. பட்டனைத் தொடாதபோது 12 இருக்க வேண்டும். அழுத்தினால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழ வேண்டும், 0.1, 0.2 பரவாயில்லை. 5-இல் நின்றுவிட்டால்? காயில் 90 ஓம் என்று வையுங்கள். அதில் விழுவது 7 வோல்ட், கரண்ட் 0.08 ஆம்ப்பியருக்கும் கீழே. மீதி 5 வோல்ட்டை அந்தக் கரண்டால் வகுத்தால் 60 ஓமுக்கு மேல் ஏதோ வழியில் உட்கார்ந்திருக்கிறது. நல்ல வயரில் அவ்வளவு இருக்க முடியாது. 26 கேஜ் மெல்லிய வயரே மூன்று மீட்டருக்கு 0.4 ஓம்தான். அப்படியானால் பச்சை பூத்த கனெக்டர் பின், வயரைச் சரியாக நசுக்கிப் பிடிக்காத கிரிம்ப், அல்லது தேய்ந்த பட்டன். ரிலேக்கு 7, 8 வோல்ட் கிடைத்தால் சில நாள் இழுக்கும், சில நாள் இழுக்காது. 'அதன் இஷ்டம்' என்று நீங்கள் சொன்னது இதுதான்.

மீட்டர் சிவப்பை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஸ்டிக்கை நாலு மூலைக்கும் ஓட்டுங்கள். எண் ஆடினால் வயர். ஆடாமல் 5-இலேயே நின்றால் கனெக்டர் அல்லது பட்டன். மேல்-டிரிம்மும் பிடிடியும் சரியாக இருக்கும்போது பொது எர்த்தைச் சந்தேகிக்க வேண்டாம். மூன்றும் சேர்ந்து நோஞ்சானாக இருந்தால்தான் அதன்மேல் பழி.

சிலர் 21 வாட் பல்பை மாட்டி வயரைச் சோதிப்பார்கள். பஸ், லாரி வேலையில் அது நல்ல பழக்கம், கிரிப் பட்டனில் வேண்டாம். குளிர்ந்த பல்ப் முதல் நொடியில் இழுக்கும் கரண்ட் எரியும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. அந்தக் குட்டிக் கான்டாக்ட் தீய்ந்துவிடும், அப்புறம் நிஜமாகவே புதுக் கிரிப் வாங்க வேண்டிவரும். ரிலே காயிலே போதுமான லோடு.

பொது எர்த் அறுந்தால் நடக்கும் விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இப்போது இல்லாவிட்டாலும் ஒருநாள் வரும். எர்த் அறுந்த கிரிப்பில் எந்தப் பட்டனும் தனியாக வேலை செய்யாது. ஆனால் டிரிம்மையும் பிடிடியையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு வயரும் கிரிப்புக்குள் கைகோத்துக்கொள்ளும். ரிலே காயில் வழியாக 12 வோல்ட் போய் ரேடியோவின் பிடிடி காலில் நிற்கும். சில ரேடியோ தாங்கும், சிலது தாங்காது. பிடிடி வயரில் கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் ஒரு டயோடு போட்டால் இது நடக்காது. கோடு போட்ட முனை ஸ்டிக் பக்கம் இருக்க வேண்டும்.

டயோடு என்றதும் இன்னொன்று. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 என்ற டயோடு போட்டிருப்பீர்கள், போட்டிருக்க வேண்டும். பட்டனை விடும்போது காயில் உதைக்கும் உதையை அது வாங்கிக்கொள்ளும். கோடு பாசிட்டிவ் பக்கம். திருப்பிப் போட்டால் பட்டனை அழுத்திய நொடியில் பாசிட்டிவும் எர்த்தும் நேராக ஷார்ட், அதுவும் ஸ்டிக்குக்குள் இருக்கும் மெல்லிய வயர் வழியாக. டிரிம்முக்கு 1 ஆம்ப் ஃப்யூஸ் போடச் சொல்வது இதற்காகவும்தான். மோட்டாருக்கு அதுவே தாராளம்.

பழுது பார்ப்பது சின்ன வேலை, சுருக்கமாக முடிக்கிறேன். துளையின் விளிம்பை உள்ளும் புறமும் வழவழப்பாக ராவி, விளிம்பை மூடும் ரப்பர் வளையம் (கிரோமெட்) போடுங்கள். உரிந்த வயரை இன்சுலேஷன் டேப் சுற்றி விடாதீர்கள், கிரிப்பிலிருந்து கனெக்டர் வரை முழு வயரையும் மாற்றுங்கள். வளையும் இடத்தில் ஈயம் வைத்த ஜாயின்ட் இருக்கவே கூடாது. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பி போல விறைக்கச் செய்யும், அந்த விறைப்பு முடியும் ஓரத்தில்தான் மறுபடி அறும். தளர்வாக ஒரு வளையம் விடுங்கள், ஆனால் அந்த வளையம் ஸ்டிக்கின் அசைவைக் கொண்டுபோகும் புஷ்ராட் தண்டிலோ போல்ட் தலையிலோ மாட்டாத அளவுக்கு. ரேடியோ பேசாவிட்டால் இறங்கிவிடலாம். ஸ்டிக் சிக்கினால் கதையே வேறு. நான் டர்பனில் வர்ஜினியா விமானக் களத்தில் விமானத்தை வைத்திருக்கிறேன், ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் கடல். உப்புக் காற்றில் சாதாரண பின்கள் சீக்கிரமே பச்சை பூத்துவிடும், அதனால் தங்க முலாம் பூசிய டி-சப் பின்கள்தான் போடுகிறேன். உங்கள் ஊர் ஒரிபி விமான நிலையத்துக்கு நீங்கள் கொண்டுபோனால் அவ்வளவு தொல்லை இருக்காது.

எல்லாம் பூட்டிய பிறகு ஒரு கண்ணி காத்திருக்கும். அதில் நானே விழப் பார்த்தேன். கனெக்டரை மாற்றிய அன்று நாலு திசை சுவிட்சை என் பக்கம் இழுத்தேன், அதாவது மூக்கு மேலே. நண்பர் வாலிலிருந்து "டேப் கீழே போகிறது" என்று கத்தினார். தலைகீழாகிவிட்டது என்று நினைத்து, டேபை நகர்த்தும் ரே ஆலன் சர்வோவின் இரண்டு வெள்ளை வயரையும் மாற்றிப் போடக் கையை நீட்டிவிட்டேன். அந்த வெள்ளை இரண்டும்தான் மோட்டார், மாற்றினால் திசை மாறும் என்பது சரி. ஆனால் எலிவேட்டரின் பின்னோரத்தில் இருக்கும் டேப் கீழே போனால்தான் காற்று எலிவேட்டரை மேலே தள்ளும், மூக்கு மேலே எழும்பும். டேப் சரியாகத்தான் போயிருக்கிறது, என் மூளைதான் தலைகீழ். ஒரு டீ குடித்துவிட்டு யோசித்ததால் தப்பித்தேன். வால் பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: மூக்கு மேலே என்றால் டேப் கீழே. ஆய்வுக்கு வரும் அப்ரூவ்ட் பெர்சன் (வீட்டில் கட்டிய விமானங்களைப் பார்க்க அங்கீகாரம் பெற்றவர்) சிரித்தால் சிரிக்கட்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் அனுப்பிய ஃபோட்டோவில் இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பட்டனும் கிரிப்பில் இருப்பதைப் பார்த்தேன். எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் கான்டாக்டரின் (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் பெரிய ரிலேயின்) காயில் மட்டுமே மூன்று நான்கு ஆம்ப் இழுக்கும், அந்தப் பட்டன் அதற்குப் பிறந்ததல்ல. ரிலே வைத்துச் சமாளித்தாலும், வானத்தில் கட்டைவிரல் தவறிப் படும் இடத்தில் அது எதற்கு? பேனலில் வையுங்கள். அந்தக் காலி இடத்துக்கு ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் பட்டன் போடலாம். டிரிம் தானாக ஓடத் தொடங்கினால் கரண்டை நிறுத்த ஒரு சுவிட்சும் கையெட்டும் தூரத்தில் பேனலில் இருக்கட்டும்.

பிடிடி கோளாறைச் சின்னதாக நினைக்க வேண்டாம். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமானக் களங்களைச் சுற்றி நாம் பெரும்பாலும் 124.8 மெகாஹெர்ட்ஸில்தான் ஒருவரையொருவர் கேட்டு விலகிப் போகிறோம். தரையிறங்க ஸ்டிக்கை இழுக்கும்போது உங்கள் ரேடியோ தானாகத் திறந்துகொண்டால், சுற்றிலும் இருக்கும் அத்தனை பேரின் வாயையும் நீங்கள் அடைத்துவிடுவீர்கள், உங்களுக்கே அது தெரியாது. சில ரேடியோக்கள் அரை நிமிடம் கழித்துத் தாமாக நிறுத்திக்கொள்ளும். உங்களுடையதில் அந்த வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

சீட்டின் தரைத்தகடுகளைப் பூட்டிய பிறகு நாலு மூலைச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள், தகடுகூட வயரை நசுக்கும். இடது ஸ்டிக் முடிந்ததும் வலதுக்கும். அது கழற்றி மாட்டுவது, அங்கே கனெக்டர்தான் முதல் சந்தேகம். இரண்டு பிடிடியும் இருந்தால், வலதில் அழுத்தும்போது வலது மைக்தான் போகிறதா என்று காதில் ஹெட்செட்டோடு ஒருவரை உட்காரவைத்துக் கேளுங்கள். மைக் ஜாக்கில் நுனி பிடிடி, நடு வளையம் குரல், அடி எர்த். நுனியும் வளையமும் மாறினாலும் இதே மாதிரி வினோதங்கள் வரும். கீழ்-டிரிம் காயிலில் எத்தனை வோல்ட் நின்றது என்று அளந்து எனக்கு எழுதுங்கள், மீதியை அதை வைத்துச் சொல்கிறேன்.